காபித்தூள் பாக்கெட்டில் இருந்த முகம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று கயல்விழி கேட்டபோது, பேச்செல்லாம் எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். "எதை வேணா எழுதுங்க சார், என்னைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. ஆகவே அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்று உங்களுக்கு முதலாளியாக இருந்து, எழுத்து இடைவெளி சரியில்லை என்று உங்கள் உயிரை வாங்குகிறாளே, அவள் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது இது.

அப்போது நம் டிசைன் அலுவலகம் ஏற்காட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டே அறை. ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டால் பனி உள்ளே வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிடும். மறுநாள் அந்தக் காகிதம் பிரிண்டருக்குள் போகமாட்டேன் என்று சண்டித்தனம் செய்யும். நாங்கள் அதை ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்துவிட்டு டீ போட்டுக் குடிப்போம். தேன் பாட்டில் லேபிள், லாட்ஜ் விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, எஸ்டேட் மிளகுக்கு அட்டைப்பெட்டி என்று எது வந்தாலும் செய்தோம். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு அறைதான் இன்றைக்கும் என் கனவில் வருகிறது. இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் ஏசி இருக்கிறது, காகிதம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. இருக்கட்டும்.

கயல்விழிக்கு ஊர் குப்பனூர். மலையடிவாரத்திலிருந்து தினம் பஸ் ஏறி வருவாள். கோயம்புத்தூரில் படித்துவிட்டு, பெங்களூருக்குப் போகாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவள். ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்ற பயம்தான். வந்த முதல் மாதமே ஒரு லாட்ஜுக்குப் பெயர்ப்பலகை வரைந்தாள். வெள்ளையில் சாம்பல் எழுத்து. திரையில் பார்க்க அத்தனை அழகு. நான் சரி என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. அதை அட்டையில் ஒட்டி, காலைப் பனியில் ரோட்டோரம் நட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். அட்டையே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்து முழுசையும் அழித்துவிட்டு, மஞ்சளில் கறுப்பாகத் திரும்ப வரைந்தாள். இவள் தேறிவிடுவாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள். "எதை எடுத்துட்டா உங்க கடை உங்க கடையா இருக்காதுங்க?" முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. லாட்ஜ்காரர் ஒருவர், "கட்டில எடுத்துட்டா இருக்காதுங்க" என்றார். அவள் அதையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டாள்.

மரகதம் எங்களிடம் வந்தது ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'ராசு காபி' என்ற கடை அவர்களுடையது. மலை விவசாயிகளிடம் காய்ந்த காபிக்கொட்டையை வாங்கி, வறுத்து, அரைத்து விற்கும் கடை. வீட்டுக்காரர் ராசு அந்தச் சித்திரையில்தான் மாரடைப்பில் போயிருந்தார். மஞ்சள் பாக்கெட்டில் சிவப்பு எழுத்து, நடுவில் வட்டத்துக்குள் அவருடைய மீசை வைத்த முகம். நம் பக்கத்தில் மிட்டாய்க்கடையிலிருந்து மாவு மில் வரைக்கும் முதலாளி முகம்தானே முத்திரை.

மரகதம் உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு காலி பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கசங்கி, சேறு ஒட்டி, அதில் ராசுவின் முகம் பாதிதான் தெரிந்தது.

"ஏனுங்க, இதுல இருக்கற படத்த எடுத்துடணுங்க" என்றார்.

கயல்விழி வழக்கம்போலத் தன் கேள்வியைக் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல கண்ணு. எடுக்க வேண்டியது எதுன்னுதான் தெரியுது. தெனம் காலைல கடையத் தொறக்க வரப்ப, பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையில இவரு கெடக்கறாரு. டீக்கடைக்காரங்க பாக்கெட்டக் கிழிச்சுக் கொட்டிட்டு வீசிடறாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, பாக்கெட்டுன்னா அப்படித்தான். ஆனா மேல நாலு பேரு மிதிச்சுட்டுப் போறாங்க. நான் குனிஞ்சு பொறுக்கிப் பையில போட்டுக்கறேன். எத்தன நாளைக்குப் பொறுக்கறது சாமி?"

அவர் அழவில்லை. கயல்விழிக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. படத்தை எடுத்துவிடலாம் என்று அப்போதே வாக்குக் கொடுத்தாள்.

மரகதத்துக்கு அந்தக் கடை எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராசு போன பிறகு, கடையைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி அவர் தம்பி சுந்தரம் கேட்டுக்கொண்டிருந்தார். சேலத்தில் மளிகை வியாபாரம் செய்பவர், கெட்ட மனிதர் இல்லை. தனியாக ஒரு பெண்மணி மலைக்காரர்களிடம் கொட்டை வாங்கி வியாபாரம் செய்ய முடியாது என்று உண்மையாகவே நம்பினார். கடைசியில் சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு பேச்சு முடிவானது. இந்த ஒரு பருவம் அண்ணி நடத்திப் பார்க்கட்டும், விவசாயிகள் எப்போதும் போலக் கொட்டை கொடுத்தால் கடை அவருடையது, கொடுக்காவிட்டால் சுந்தரத்துடையது. அப்புறம் மரகதம் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நாந்தான் வறுக்கறேன். கொட்டை எப்ப எறக்கணும்னு என் மூக்குக்குத் தெரியும். என்னைக் கொண்டுபோய் மக ஊட்டு டிவி முன்னால ஒக்கார வெச்சுடுவாங்க" என்று கயல்விழியிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

கயல்விழி இழைத்து இழைத்து வேலை செய்தாள். பெயரை அப்படியே வைத்துக்கொண்டாள். மஞ்சளுக்குப் பதில் காபி இலையின் கரும்பச்சை. முகம் இருந்த வட்டத்தில் வெள்ளைப் பூ பூத்த காபிக்கொம்பு ஒன்று. கடைப் பலகையிலும் ராசுவின் முகம் இருந்ததால், பாசி பிடித்த அந்தப் பழைய பலகையை இறக்கிவிட்டுப் பச்சையில் புதிதாக மாட்டினோம். மரகதம் கடைக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். "நொம்ப நல்லாருக்குது கண்ணு" என்றார். பழைய பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

காபிப் பறிப்பு தொடங்கியது. மற்ற கடைக்காரர்களின் களத்தில் கொட்டை வந்து குவிந்தது. மரகதத்தின் களம் மட்டும் பெருக்கிவிட்டபடியே கிடந்தது. பார்க்கிற விவசாயிகள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், நலம் விசாரித்தார்கள், மூட்டையை மட்டும் வேறு கடையில் இறக்கினார்கள். மரகதத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் இல்லாதவள் என்று நினைக்கிறார்களோ என்று உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது கயல்விழிதான். டீக்கடையில் நின்றிருந்தபோது, செம்மநத்தம் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"ராசண்ணன் கடைய வித்துப்போட்டாங்களாமா?"

"ஆமாங்க்கா, போர்டப் பாக்கலியா? படத்தக்கூட எடுத்துட்டாங்க. யாரோ சேலத்துக்காரங்களாம்."

என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகம் வெளிறியிருந்தது. எங்கள் ஊரில் மழையும் பாசியும் தின்ற பலகைகள் அப்படியே தொங்கும். யாரும் மாற்றமாட்டார்கள். கடை கைமாறினால்தான் பலகை மாறும். அதுதான் இந்த மலையில் எல்லோரும் படித்துப் பழகிய ஒரே அறிவிப்பு. நாங்கள் அழகான பச்சையில், பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, கடை விற்றாயிற்று என்று ஊருக்கே சொல்லிவிட்டிருந்தோம்.

அன்று மாலையே கடையில் கூடினோம். சுந்தரமும் தகவல் தெரிந்து சேலத்திலிருந்து வந்துவிட்டார். வறுக்கும் டிரம் சில்லென்று கிடந்தது. காபிக்கடையில் காபி வாசனை இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? அண்ணன் படத்த மறுபடி போடுங்க. பழைய போர்ட மாட்டுங்க. நாளைக்கே சனம் வரும்" என்றார் சுந்தரம்.

நானும் அதையேதான் சொன்னேன். பருவம் போய்க்கொண்டிருக்கிறது, முதலில் கடை பிழைக்கட்டும், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மரகதம் தரையில் சிந்தியிருந்த பழைய கொட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

கயல்விழி சின்னப் பெண். தன் வேலையால் ஒருவரின் பிழைப்பே போகப்போகிறது என்று தெரிந்த நேரத்தில், பெரியவர்கள் இரண்டு பேர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். நாங்கள் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டோம்.

"படத்தப் போடறது ஒரு மணி நேர வேலைங்க சார்" என்றாள். "போட்டா கொட்டை வரும். அக்கா திரும்பவும் சாக்கடையில பொறுக்கணும். அவங்க எதுக்காக நம்மகிட்ட வந்தாங்களோ அது இல்லன்னு ஆயிடும். பலகையில தப்பில்லீங்க. சொல்ல வேண்டியத நாம நேர்ல போய்ச் சொல்லாம பலகைகிட்ட விட்டுட்டோம், அதுதான் தப்பு."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார் சுந்தரம் எரிச்சலாக.

"உங்க ஊட்டுல கல்யாணம்னா பத்திரிகைய எப்படிங்கண்ணா வெப்பீங்க? தபால்ல போட்டா யாராச்சும் வருவாங்களா? வாசல்ல போய் நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில குடுப்போமில்ல? புதுப் பாக்கெட்டையும் அப்படித்தான் வெக்கணும். அக்காவே கொண்டுபோய் வெக்கட்டும்."

மரகதம் தலையைத் தூக்கினார். "கண்ணு, வருஷந் திரும்பலியே. துக்கம் நடந்த ஊட்டுக்காரி அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கலாமா? மொகத்தச் சுளிச்சுட்டாங்கன்னா நான் செத்தே போயிருவேன்."

கயல்விழி அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "நான் கூட வரேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். நீங்கள் இப்போது எழுதிக் குவிக்கிற பிராண்டிங் திட்டங்களில் அந்த வரி எங்கேயும் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில், ராசுவுக்குக் கொட்டை போட்டுவந்த விவசாயிகள் இருக்கும் தலைச்சோலைக்குப் போனோம், மரகதம், கயல்விழி, நான். துணிப்பையில் அன்று விடியற்காலையில் மரகதம் வறுத்து அரைத்த தூள், புதுப் பாக்கெட்டுகளில். வழியெல்லாம் பனி. சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்துக்குமேல் காணாமல் போயிருந்தன. மரகதம் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

முதல் சில வீடுகளில் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. வாங்கிக்கொண்டார்கள், "பாக்கலாமுங்க" என்றார்கள். ஒரு வீட்டில் அம்மா வெளியே வராமல் பிள்ளையை அனுப்பி வாங்கினார்கள். மரகதத்தின் நடை தளர்ந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கயல்விழி காதில் வாங்காதவள்போல அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

அது வெள்ளையன் வீடு. அவர் எந்தக் கடைக்குக் கொட்டை போடுகிறாரோ அந்தக் கடைக்குத்தான் ஊரில் பாதிப்பேர் போடுவார்கள். வாசலில் ஜீப் ஒன்று நின்றிருந்தது. மூட்டையெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது, வேறொரு கடைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

வெள்ளையன் வந்து கும்பிட்டார். மரகதம் பாக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கடைய விக்கலீங்கண்ணா. நாந்தான் நடத்தறேன். எப்பயும் போலக் கொட்டை போடோணும், அதச் சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க."

வெள்ளையன் பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ராசண்ணன் மொகத்தக் காணமே. அந்த மொகத்துக்குத்தானுங்க நாங்க கொட்டை போட்டது" என்றார். அவர் மனைவி பொன்னியும் வாசலுக்கு வந்து தூணைப் பிடித்தபடி நின்றார்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பலகையை ஏன் மாற்றினோம், பச்சை எதற்கு என்று அழகாகச் சொல்லி முடித்துவிடலாம். வாயைத் திறக்கும்போது கயல்விழி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு என்னைவிட நன்றாகப் பேச வரும். அது அவள் வரைந்த பாக்கெட். ஆனாலும் அவள் பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை. அந்த நேரத்தில் பேச உரிமையுள்ளவர் ஒருவர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் நின்றோம். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார்.

மரகதம் சொன்னார். "பாக்கெட்டுன்னா கிழிச்சு வீசறதுதானுங்கண்ணா. வீசின எடத்துல அவரு மொகம் கெடக்குது. தெனம் மிதிபடறாரு. என்னால பாக்க முடியலீங்க. அதனாலதான் எடுக்கச் சொன்னேன். அவரு ஊட்டுல இருக்காருங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல, பூவோட. கடையில நான் இருக்கறனுங்க."

வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னி சட்டென்று திரும்பி வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். முடிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். மரகதமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

பொன்னி மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தார். கையில் ஒரு பழைய மஞ்சள் பாக்கெட். கூரையில் மழை ஒழுகும் சந்தில் திணித்து வைத்திருந்ததாம். முந்தானையால் அதன் புகைக்கறையையும் தூசியையும் துடைத்தார். ராசுவின் முகம் தெரிந்தது. மடிக்காமல், கசக்காமல், மரகதத்தின் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தோணவே இல்லீங்கக்கா" என்றார். பிறகு மரகதத்தின் கையை விடாமலே, "வாசல்லயே நின்னுட்டீங்களே, உள்ள வாங்க, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போவீங்களாமா" என்று இழுத்தார். உள்ளே போகும்போது வெள்ளையனைப் பார்த்து, "ஏனுங்க, அந்த டிரைவருகிட்டச் சொல்லுங்க. ஜீப்பு மரகதக்கா கடைக்குப் போவட்டும்" என்றார்.

அந்தக் கடையை ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கயல்விழி அவசரமாக ஜீப்புக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கும் அதே நிலைமைதான்.

பிள்ளைகளே, நீங்கள் என்னைவிட நன்றாக வரைகிறீர்கள். அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் ஒருவரின் அடையாளத்தில் கை வைக்கும்போது, அதை எடுத்துக்கொண்டு அவர் எந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள். போன பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

நாங்கள் அந்த ஜீப்பிலேயே திரும்பினோம். கயல்விழியும் நானும் மூட்டைகளின் மேல், மரகதம் முன்சீட்டில். ஏற்காட்டில் எல்லோரும் பார்க்கும்படி டிரைவர் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். கடைத் திண்ணையில் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். முடிவு என்னவானாலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தவர். ஜீப்பையும் மூட்டைகளையும் முன்சீட்டில் இருந்த அண்ணியையும் பார்த்தார். எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எங்க இறக்கணும், சொல்லுங்க அண்ணி" என்று கேட்டுவிட்டு, முதல் மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.